படத்தில் இல்லாத சின்னம்மா

லோகநாயகி எதையெதை எதிர்த்து நின்று எதையெதைப் பெற்றாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறு வருஷம் மலடி என்ற பேச்சைக் கேட்டு, கடைசியில் விவாகரத்தும் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள், தலையைக் குனிந்துகொள்ளாமல் அதே தெருவில் நடந்தாள். இனி இவளுக்கு எங்கே என்று சொந்தக்காரர்கள் கைகழுவிய முப்பதாவது வயதில் தனக்கென்று ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு ஒருவரிடமும் கை நீட்டாமல், கேன்டீனில் காய் நறுக்கி, வாடகை வீட்டில் ஒரு பெண்ணைப் படிக்கவைத்தாள். அந்தப் பெண்ணைப் பெற்றவள் உயிரோடு வந்து கேட்டபோது, சட்டமும் பெற்றவள் பக்கமே இருந்தபோது, கடலூர் கோர்ட்டில் நின்று, பெண் இவளிடமே இருக்கலாம் என்ற உத்தரவைப் பெற்றாள். பெற்றவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் அதைப் பெற்றாள். இவற்றில் எது கஷ்டம் என்று கேட்டால், கடைசியாகச் சொன்னதுதான்.

மேல்பட்டாம்பாக்கம் கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கும் சடையப்பனுக்கு ஒரே தங்கை லோகநாயகி. அவர் எட்டாவதோடு நின்றவர். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதால் ஏழு வயதிலேயே அடுப்படி அவள் கைக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டில் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை இல்லை என்று இருபத்தெட்டில் அனுப்பிவிட்டார்கள். வந்தவள் அண்ணன் கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதுமாக இருந்தாள்.

2004ஆம் வருஷம் வைகாசியில் இளவரசு பெண் பார்க்க வந்தான். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. அவனும் விவாகரத்தானவன். முதல் மனைவி ரேகா சிதம்பரத்துப் பெண். ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பேருமாகவே எழுதிக்கொடுத்துப் பிரிந்தவர்கள். ரேகாவுக்கு அண்ணாமலை நகரில் யுனிவர்சிட்டி ஆபீசில் வேலை பார்க்கும் தட்சிணாமூர்த்தியைப் பேசி முடித்தபோது, குழந்தையோடு வரக்கூடாது என்று அந்த மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டார். அதனால் மகள் கனிமொழி தகப்பனிடமே நின்றுவிட்டாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட் உத்தரவில் இருந்தது.

அந்தக் குழந்தையையும் கையில் பிடித்துக்கொண்டுதான் இளவரசு பெண் பார்க்க வந்தான்.

"பொண்ணு பாக்க வர்றவன் புள்ளையக் கூட்டிக்கிட்டா வருவான்?" என்று உள்ளே யாரோ முணுமுணுத்தது அவன் காதிலும் விழுந்தது.

"மூடி மறைச்சுக் கட்டிக்கிற விஷயமாங்க இது?" என்றான் அவன்.

அந்தப் பதிலிலேயே லோகநாயகிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஐந்து வயதுக் கனிமொழி காராபூந்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் எங்க புது அம்மாவா?"

"அம்மாவுல புதுசு பழசு கெடையாது. ஒங்கம்மா செதம்பரத்துல இருக்காங்க. நான் சின்னம்மா."

"நீங்க பெருசாத்தான இருக்கீங்க?"

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்று சொன்ன அந்தச் சொல்லே நிலைத்தது. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள், "அம்மான்னு கூப்புடப் பழக்கேன், கேக்குறவங்களுக்கும் நல்லாருக்கும்" என்று எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தார்கள். லோகநாயகி கேட்கவில்லை. பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரை எடுத்துக்கொள்வது முறையில்லை என்பது அவள் எண்ணம். முறை என்று ஒன்று மனதில் பட்டுவிட்டால் அவளை அதிலிருந்து அசைக்க முடியாது. அவளுக்கு வந்த பலமும் அதனால்தான், கஷ்டமும் அதனால்தான்.

முதல் ஞாயிறு வந்தால் விடியற்காலையிலேயே கனிமொழிக்குத் தலைக்கு ஊற்றி, இரட்டைப் பின்னல் போட்டு, நல்ல கவுன் மாட்டி வாசல்படியில் உட்கார வைத்துவிடுவாள். ரேகா நாலைந்து மாதம் வந்தாள். ஒருமுறை பெரிய கரடி பொம்மை கூட வாங்கி வந்தாள். பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வந்தாள். அப்புறம் வரவேயில்லை. ஆனாலும் லோகநாயகி ஒவ்வொரு முதல் ஞாயிறும் பின்னல் போடுவதை நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிமொழியே தலையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சின்னம்மா. பின்னிட்டு அவுக்குறதுக்கு எதுக்கு?"

அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

2009 ஆடியில் இளவரசு வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியம் முடிந்ததும் சடையப்பன் தங்கையையும் குழந்தையையும் மேல்பட்டாம்பாக்கத்துக்கே அழைத்தார்.

"இவ இங்க ஆறாவது படிக்கிறாண்ணே. பாதியில பள்ளிக்கூடம் மாத்துனா பாழாப்போயிடும்" என்று மறுத்துவிட்டாள். கம்பெனி கேன்டீன் நடத்துகிறவரைப் போய்ப் பார்த்து வேலை கேட்டாள். காலையில் கனிமொழி பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் இவளும் போவாள், அவள் திரும்பும் நேரத்துக்கு வந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மாதம், மழை தொடங்கும் சமயத்தில் ஒரு நாள், கனிமொழி பெரியவளானாள்.

சேதி கேட்ட சடையப்பன் கடையை அடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வரும்போதே மாம்பழ மஞ்சள் நிறத்தில் அரக்கு பார்டர் வைத்த பட்டுத் துணியைப் பாவாடைக்கு வெட்டி எடுத்து வந்திருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெரியவளான பெண்ணுக்குத் தாய்மாமன்தான் பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றும் நாள் வரை பெண் அந்தக் குச்சில்தான் இருப்பாள். தங்கைக்கு மகள் என்றால் மாமன் தான்தானே என்று சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இரு" என்றாள் லோகநாயகி. "நீ கட்டக் கூடாது."

"என்னாடி சொல்ற?"

"பெத்தவளுக்கு அண்ணன் இருக்காரு. அன்பரசு அண்ணன். அவருதான் கட்டணும்."

"ஏழு வருஷமா எட்டிப் பாக்காதவனையா கூப்புடப்போற? எளவரசு காரியத்துக்கு வந்தானா அவன்?"

"வந்தாரு. ஓரமா நின்னு மாலை போட்டுட்டுப் போனாரு. நீதான் பாக்கல."

"அப்ப நான் யாரு?"

"நீ எனக்கு அண்ணன். அவளுக்கும் மாமாதான். ஆனா நாளைக்கு அவ கழுத்துல தாலி ஏறுறப்ப, ஒம் மாமன் வராமலே குச்சு கட்டுனாங்கன்னு ஒரு சொல்லு வரக்கூடாது. கெளம்பி வாண்ணே, நீ வந்து தட்டு வச்சாத்தான் மரியாத. நான் தட்டத் தொட முடியாது, தெரியுமில்ல?"

புருஷனை இழந்தவள் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து நீட்டக் கூடாது என்பார்கள். ஆக, தன் இடத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்து, அவனைத் தானே போய் அழைக்கவும் வேண்டியிருந்தது சடையப்பனுக்கு. பஸ்ஸில் தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அன்பரசு அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்துத் தருவதுதான் அவருடைய முக்கிய வியாபாரம். லோகநாயகி வாசலில் ஓரமாக நிற்க, சடையப்பன் தட்டைக் கடை மேஜைமேல் வைத்தார்.

"உங்க தங்கச்சி பொண்ணு பெரியவளாயிட்டா. மாமன் வந்து குச்சு கட்டணும்."

அன்பரசு பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தட்டை எடுக்காமல் வெளியே நின்ற லோகநாயகியைப் பார்த்தார். மச்சானின் மனைவி தங்கை முறை.

"ஏம் தங்கச்சி, என்னையா கூப்புடுற?"

"ஒங்களவிட்டா யாருண்ணே?"

"எனக்கு ஓல முடையத் தெரியாதும்மா. அட்டதான் ஒட்டுவேன்."

"அப்ப பசை தடவி ஒட்டுங்க" என்றார் சடையப்பன் கடுப்போடு. அன்பரசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று கட்டிய குச்சைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரு பக்கம் சாய்ந்து, ஓலைக்கு ஓலை சந்து விட்டு நின்றது. சடையப்பன் கீழே நின்று கயிறு எடுத்துக்கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றும் விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். தெருமுனையில் டிஜிட்டல் பேனர் கட்டினார்கள். அதில் தாய்மாமன் என்று அன்பரசு படம் இருந்தது. அவர் தட்டு வரிசையோடு வேனில் வந்து இறங்கியபோது கூடவே ரேகாவும் இறங்கினாள்.

அவளை யாரும் அழைக்கவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. தடை சொன்ன மாமியார் அந்த வருஷத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. பட்டுப்புடவையில், கழுத்து நிறைய, குங்குமத்தோடு வாசலில் தயங்கி நின்றவளை லோகநாயகிதான் அடுப்படியிலிருந்து பார்த்தாள். வெளியே வராமலே, அண்ணன் மனைவியிடம் சொல்லியனுப்பினாள்.

"பெத்தவ வந்திருக்கா. மொதத் தண்ணி அவளையே ஊத்தச் சொல்லு."

அப்படியே நடந்தது. சுமங்கலிகள்தான் முன்னால் நிற்க வேண்டும். ரேகா தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் பூசினாள், சடையப்பன் தைத்த மாம்பழ மஞ்சள் பாவாடையின் மடிப்பைச் சரிசெய்தாள், ஆலாத்தி எடுத்தாள். ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். லோகநாயகி சமையற்கட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனிமொழி இரண்டு முறை, "சின்னம்மா எங்க?" என்று கேட்டாள். வேலையா இருக்காங்க என்று யாரோ சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து ரேகா கிளம்பும்போது மகளின் கன்னத்தைத் தடவி, "அம்மா வூட்டுக்கு வர்றியாடா?" என்று கேட்டாள். கனிமொழி தரையைப் பார்த்தாள்.

தை மாதம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. தகப்பன் இறந்துவிட்டதால் பெற்ற தாயே இயற்கையான காப்பாளர், மைனர் பெண் கனிமொழியைத் தன் வசம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும் என்று ரேகா மனுப் போட்டிருந்தாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் உத்திராபதியிடம் சடையப்பன் தங்கையைக் கூட்டிப்போனார். வயதானவர், மூக்குப்பொடி பழக்கம் உள்ளவர். மனுவை முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த மாமனக் கூப்புடச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"பெத்தவள மொதத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"நான்தாங்க."

"கொழந்தைய சின்னம்மான்னு கூப்புடச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"கேஸ் போடறதுக்கு அந்தப் பக்கத்து வக்கீலுக்கு ஃபீஸ நீயே கட்டியிருக்கலாம்" என்றார் உத்திராபதி. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "சட்டத்துல தாய்னா பெத்த தாய்தாம்மா. சித்திக்கு இடமில்ல. கொழந்தையோட நலன் எதுன்னு ஜட்ஜ் பாப்பாங்க. அது ஒண்ணுதான் நமக்கு வழி. அதுக்கு ரேகா சரியில்லாத பொம்பளன்னு நாம காட்டணும். கொழந்தைய வுட்டுட்டு ஓடிட்டா, நடத்த சரியில்ல, இப்புடி ரெண்டு மூணு எழுதுவோம்."

"அதெல்லாம் இல்லீங்களே."

"இருந்துச்சா இல்லியான்னு யாரு பாத்தா?"

"நாளைக்கு இத அந்தப் பொண்ணு படிப்பா சார். படிக்கத் தெரிஞ்ச பொண்ணு. பெத்தவளப் பத்தி நான் சொன்னதா அதுல இருக்கக் கூடாது."

உத்திராபதி சடையப்பனைப் பார்த்தார். சடையப்பன், "அவ சொன்னா சொன்னதுதாங்க" என்றார். கோர்ட்டுக்குக் கொடுத்த பதில்மனுவில் ரேகா பெண்ணைப் பார்க்க வரவில்லை என்றுதான் எழுதினார்கள், ஏன் வரவில்லை என்று எழுதவில்லை. அடியில் லோகநாயகியின் கைநாட்டு இருந்தது.

வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கேன்டீனில் லீவு சொல்ல வேண்டும். வீட்டில் கனிமொழி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"நான் போயிட்டா நீங்க என்னா பண்ணுவீங்க சின்னம்மா?"

லோகநாயகிக்கு வாயில் வந்த பதில் வேறு. அவள் சொன்னது வேறு.

"மொத ஞாயிறு வந்து ஒன்னப் பாப்பேன். தவறாம வருவேன்."

விசாரணையில் லோகநாயகியைக் கூண்டில் ஏற்றினார்கள். ரேகாவின் வக்கீல் இளவயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். விழா ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"இந்தப் படத்துல பொண்ணு பக்கத்துல நிக்கிறது யாரும்மா?"

"ரேகா."

"இதுல?"

"ரேகாதாங்க."

"மாலை போடுறது மனுதாரரோட அண்ணன். சரியா? உங்க அண்ணன் எங்க?"

"பந்தியில எல போட்டுக்கிட்டு இருந்தாரு. படத்துல விழல."

கோர்ட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. வக்கீல் ஆல்பத்தை மூடினார்.

"இத்தனை படத்துல ஒண்ணுல கூட நீங்க இல்ல. பொண்ணு உங்கள அம்மான்னு கூப்புடறதில்ல. மாமன் ஸ்தானத்துல உங்க அண்ணன நீங்களே வைக்கல. எழுதப் படிக்கவும் தெரியாது. நீங்க அந்தப் பொண்ணுக்கு யாரும்மா?"

லோகநாயகி மூடிய ஆல்பத்தையே பார்த்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சடையப்பன் தலைமேல் கை வைத்துக்கொண்டார். நீதிபதி அம்மாள்தான் குனிந்து கேட்டார்.

"விழாவை உங்க வீட்லதானே நடத்துனீங்க? படத்துல ஏம்மா நீங்க நிக்கல?"

"நான் தாலி அறுத்தவங்க. முன்ன நின்னா பொண்ணுக்கு ஆகாதும்பாங்க. நான் அத நம்புறேனோ இல்லியோ, நாளைக்கு அவளுக்கு ஒரு கால் தடுக்குனாக்கூட அன்னிக்கு இவ நின்னாளேம்பாங்க. அவ மனசுலயும் அது விழுந்துடும். அதுக்குத்தாங்க நிக்கல."

நீதிபதி எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாய்தாவில் அன்பரசு சாட்சிக்கு வந்தார். ரேகா பக்கத்துச் சாட்சி. தாய்மாமன் முறை செய்தவர் தான்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் சொல்லியும் விட்டார். உத்திராபதி எழுந்து வேஷ்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"குச்சு கட்டுனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஒழுங்கா கட்டுனீங்களா?"

"இல்லீங்க. எனக்கு ஓல வேலை தெரியாது."

"அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சு?"

அன்பரசு தங்கை இருந்த பக்கம் பார்த்தார். ரேகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மழை. நான் கட்டுன லட்சணம் எனக்குத் தெரியும். விடிஞ்சும் விடியாம மொத பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்தேன். பொண்ணு உள்ள காஞ்ச எடத்துல தூங்கிட்டிருந்துச்சு. இவுங்க வெளிய, குச்சு மேல ஒரு தார்ப்பாயப் போட்டு, காத்துல பறக்காம ரெண்டு முனையையும் கையில புடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. ஒடம்பெல்லாம் தண்ணி. ஏம்மா தங்கச்சி, பொண்ண வூட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னேன். மாமன் கட்டுன குச்ச விட்டுப் பாதியில எழுப்பக் கூடாதுண்ணேன்னாங்க."

அன்பரசு கேள்வி இல்லாமலே தொடர்ந்தார்.

"மாமன்னு மாலை போட்டுட்டேன் மேடம். அந்தப் பொண்ணுக்கு நான் பொறுப்பு. என் தங்கச்சி கெட்டவ இல்ல. ஆனா பொண்ணு இருக்க வேண்டிய எடம் இதுதான்."

ரேகா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று மதியம் கோர்ட் வராந்தாவில் ரேகா தூண் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் அருகில் போனதற்கு, "போ. இனிமே எம் மூஞ்சியில முழிக்காத" என்று விரட்டிவிட்டாள். அதன்பின் வெகுகாலம் அவள் அவரோடு பேசவில்லை. லோகநாயகி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு என்னா, கூடவே இருந்துட்டீங்க" என்றாள் ரேகா, முகத்தைத் திருப்பாமலே. "மாமியாளுக்குப் பயந்து நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன். எத்தன தடவ தெரியுமா?"

"தெரியாது ரேகா. ஒரு சேதி சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே அவளக் கூட்டியாந்திருப்பேன்."

"பெத்தவ நான். கேக்க எனக்கு உரிமை இல்லியா?"

"இருக்கு. இல்லன்னு நான் சொன்னனா?"

"அப்பக் குடுத்துடுங்களேன்."

"எடுத்துக் குடுக்கறதுக்கு அவ என்னா பாத்திரமா பண்டமா? வர்றேன்னு அவ சொல்லட்டும். நான் கையப் புடிச்சு நிறுத்த மாட்டேன்."

ரேகா பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தாள். பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நீதிபதி கனிமொழியைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்று லோகநாயகி இன்றுவரை கேட்டதில்லை, கனிமொழியும் சொன்னதில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் சின்னம்மாவின் தோளில் சாய்ந்து குடிகாடு ஸ்டாப் வரை தூங்கினாள்.

2012 மாசியில் தீர்ப்பு வந்தது. பெற்ற தாயின் உரிமையைத் தான் குறைத்து எண்ணவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் தகப்பன் இருந்தபோதும் போன பிறகும் பெண்ணை வளர்த்தவர் எதிர்மனுதாரர். பெற்றவளுக்கும் அவளைச் சேர்ந்தவர்களுக்கும் உரிய இடத்தை ஒருபோதும் மறுக்காதவர். அதை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ள முடியாது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் விருப்பமும் அவரிடமே இருப்பதுதான். ஆகவே மேஜராகும் வரை கனிமொழிக்கு லோகநாயகியே காப்பாளர். மாதத்தில் இரண்டு ஞாயிறு பெண்ணை அண்ணாமலை நகருக்குக் கூட்டிப்போய்த் தாயிடம் விட்டு, மாலையில் அழைத்து வர வேண்டும். பள்ளி விடுமுறையில் பாதி நாள் அங்கே. இதற்கெல்லாம் கட்டுப்படுவதாகக் கோர்ட்டில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உத்திராபதி பத்திரத்தைத் தயார் செய்யச் சில வாரம் ஆகும் என்றார். அன்று மாலையே லோகநாயகி மேல்பட்டாம்பாக்கத்தில் அண்ணன் கடைக்கு வந்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. ரேகா தலை குனிந்து போனதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எம் பேர எழுதக் கத்துக்குடு" என்றாள்.

"கைநாட்டு வச்சாப் போதும்டி. கோர்ட்டுல ஏத்துக்குவாங்க."

"மொத கல்யாணத்த அறுத்தப்பவும் கைநாட்டுதான் வச்சேன். நானே வேணாம்னு போறதா அதுல எழுதியிருந்தாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. இந்தத் தீர்ப்புல இருக்கறத வக்கீலு ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்லிட்டாரு. எனக்குச் சம்மதம். சம்மதமானதுக்கு எம் பேரையே போடுறேன்."

சடையப்பன் வெட்டுப்பலகையில் கறுப்பு லைனிங் துணித் துண்டு ஒன்றை விரித்தார். துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் பெரிதாக எழுதிக் காட்டினார். அவள் அதன் கீழே எழுதினாள், தட்டினாள், மறுபடி எழுதினாள். கேன்டீன் வேலை முடிந்து வந்த நாளெல்லாம் எழுதினாள். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "என்னங்க, அக்கா டெய்லராகப்போறாங்களா?" என்று கேட்டார். "ஆமா, ஒங்க பேண்ட அவதான் தைக்கப்போறா, பயந்துக்குங்க" என்றார் சடையப்பன். துணி வெள்ளை வெளேரென்று ஆனால் உதறிவிட்டு அடுத்த துண்டை எடுப்பார்கள்.

பத்திரத்தன்று கனிமொழி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ரேகாவும் தட்சிணாமூர்த்தியும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். தட்சிணாமூர்த்தி சடையப்பனுக்குக் கும்பிடு போட்டார். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், பழைய காகிதங்களில் கைநாட்டைப் பார்த்த வழக்கத்தில் ஸ்டாம்ப் பேடைத் திறந்து லோகநாயகி பக்கம் நகர்த்தினார்.

"பேனா குடுங்க சார்" என்றாள் அவள்.

கிளார்க் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே எழுத வராது என்று ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். காகிதத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். சாக்கட்டி பிடித்துப் பழகிய விரலுக்குப் பேனா மெலிதாக இருந்தது, அதனால் எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்து கோட்டைத் தாண்டியது. கிளார்க் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் ஒருமுறை தானே படித்துப் பார்த்துவிட்டு, பத்திரத்தை ரேகா படிக்க அவள் பக்கம் திருப்பி வைத்தாள். அன்று தேதி 2012 மார்ச் 14, புதன்கிழமை.